ரேடியோ நெல்லும் லேத் பட்டறையும்

(மணவாள நகரில் சிறுதொழில் நடத்துவோரிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

பாட்காஸ்ட் என்பது இணையத்தில் தொடராக வெளிவரும் பேச்சு. கேட்பவர் தமக்குத் தோதான நேரத்தில், தம் செல்போனில் கேட்கலாம். வேண்டிய இடத்தில் நிறுத்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து பிறகு தொடரலாம். வலையொலி என்ற தமிழ்ச் சொல்லும் உண்டு. வாய்வழக்கில் பாட்காஸ்ட் என்பதே நிலைத்துவிட்டது. வானொலிக்கு அலைவரிசை உரிமமும் கோபுரமும் வேண்டும். இதற்கு ஒரு மைக், ஒரு செல்போன், பேச ஒரு விஷயம் ஆகிய மூன்றும் போதும். மூன்றாவது பொருள் பெரும்பாலான சிறுதொழில்காரர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. இருப்பது தெரியாமல் கிடக்கிறது.

இதன் உள்ளே ஓடும் ஏற்பாடு எளிது. ஒலிக்கோப்பு ஒரு சர்வரில் இருக்கும். அதன் தலைப்பு, தேதி, முகவரி ஆகியவை ஆர்எஸ்எஸ் என்ற பட்டியலில் எழுதப்பட்டிருக்கும். புதிய பகுதி வந்தால் பட்டியலில் ஒரு பதிவு கூடும். செயலிகள் அதைப் பார்த்துக் கேட்பவருக்குச் சொல்லிவிடும். இந்தப் பட்டியலில் ஒலிக்கோப்பை இணைக்கும் வழியை 2000ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்க மென்பொருளாளர் டேவ் வைனர் சேர்த்தார். 2004 பிப்ரவரியில் கார்டியன் நாளிதழில் பென் ஹேமர்ஸ்லி எழுதிய கட்டுரையில் பாட்காஸ்டிங் என்ற சொல் அச்சேறியது. ஐபாடும் பிராட்காஸ்ட்டும் சேர்ந்து பிறந்த பெயர். 2005 ஜூனில் ஆப்பிள் தன் ஐட்யூன்ஸில் இதற்கு இடம் கொடுத்தது. இங்கே 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்த பிறகும், 2019 பிப்ரவரியில் ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்த பிறகும்தான் இது சாதாரண மக்களின் காதுக்கு எட்டியது.

ஆனால் ஒலியைக் கொண்டு ஒரு சரக்குக்குப் பெயர் வாங்கிக் கொடுக்கும் வித்தை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1960களின் நடுவில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல் ரகம் வெளிவந்தது. ஜப்பானிய நெல்லையும் நம்மூர் நெல்லையும் கலந்து உருவாக்கியது. புது ரகம் என்றால் விவசாயிக்கு ஆயிரம் சந்தேகம்: எப்போது நாற்று விடுவது, எத்தனை உரம், எத்தனை நாளில் அறுப்பு. 1939 முதல் இயங்கிவந்த திருச்சி வானொலி நிலையம் தன் விவசாய நிகழ்ச்சிகளில் இவற்றுக்கெல்லாம் பொறுமையாக விடை சொன்னது. தஞ்சை விவசாயிகள் கேட்டார்கள், விதைத்தார்கள். ஆடுதுறை 27 என்ற எண் அவர்கள் வாயில் நிற்கவில்லை. அதற்கு அவர்களே வைத்த பெயர் ரேடியோ நெல்.

இந்தச் செய்தியில் ஒரு சிறுதொழில்காரர் கவனிக்க வேண்டியது, அந்தப் பெயரை யாரும் விளம்பரம் செய்து பரப்பவில்லை என்பது. வானொலி நெல்லை விற்கவில்லை, பயிரிடச் சொல்லிக்கொடுத்தது. சொல்லிக்கொடுத்தவரின் பெயர் சரக்கின் மீது போய் ஒட்டிக்கொண்டது. பாட்காஸ்ட்டால் ஒரு சிறுதொழிலுக்குப் பெயர் உண்டாவதும் இந்த வழியில்தான். வேறு வழிகளும் உண்டு என்று விற்பனைப் பயிற்சியாளர்கள் சொல்வார்கள். அவை பெரும் பணம் உள்ளவர்களுக்கானவை.

பெரும் பணத்தின் வழிக்கு நல்ல உதாரணம் பினாகா கீத்மாலா. 1952இல் இலங்கை வானொலியில் அமீன் சயானி நடத்தத் தொடங்கிய இந்திப் பாட்டு வரிசை நிகழ்ச்சி அது. பினாகா என்பது பற்பசை. பாட்டுக்கும் பல்லுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. ஆனாலும் வாரம் தவறாமல் இந்தியா முழுவதும் காது கொடுத்ததால் பற்பசையின் பெயர் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயரானது. அதே இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையைக் கேட்டு வளர்ந்த தலைமுறை கோபால் பல்பொடி விளம்பரத்தை இன்னும் மறக்கவில்லை. பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லி மனதில் பதிப்பதற்குக் கோடிக்கணக்கான காதுகளும் ஆண்டுக்கணக்கான செலவும் தேவை. பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறைக்கு இரண்டும் இல்லை.

சொல்லிக்கொடுக்கும் வழிக்கு உதாரணம் திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தேர்வாய் கண்டிகை சிப்காட் தொழிற்பூங்காவில் டயர் தயாரிக்கும் மிஷலின் நிறுவனம், 1900இல் பிரான்ஸில் ஒரு கையடக்கப் புத்தகத்தை அச்சிட்டு இலவசமாகக் கொடுத்தது. அப்போது பிரான்ஸ் முழுவதும் ஓடிய கார்கள் மூவாயிரத்துக்கும் குறைவு; அச்சிட்ட பிரதிகள் ஏறத்தாழ 35,000. டயரை எப்படிக் கழற்றி மாட்டுவது, எந்த ஊரில் மெக்கானிக் இருக்கிறார், எங்கே பெட்ரோல் கிடைக்கும், எங்கே சாப்பிட்டுத் தங்கலாம் என்பவைதான் உள்ளடக்கம். நம்பிக்கையோடு வெளியூர் போகிறவர் அதிகம் ஓட்டுவார். அதிகம் ஓட்டினால் டயர் தேயும். கணக்கு அவ்வளவுதான். ஓட்டலுக்கு மிஷலின் நட்சத்திரம் கிடைத்தது என்று இன்று செய்தி வருவது அந்தப் புத்தகத்தின் வழிவந்த பழக்கம். சமையலுக்கும் ரப்பருக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்பதுகூட இல்லை.

நிறுவனமே நடத்தும் பாட்காஸ்ட்டுக்கு அண்மைக்கால உதாரணம் அமெரிக்காவின் டிரேடர் ஜோஸ் மளிகைக் கடைகள். 2018இல் ஐந்து பகுதிகளோடு முடிப்பதாகத் தொடங்கினார்கள். சரக்கை எப்படித் தேர்ந்தெடுக்கிறோம், ருசி பார்ப்பது எப்படி என்று நிறுவன ஊழியர்களே பேசினார்கள். வரவேற்பு இருந்ததால் ஐந்தோடு நிறுத்தவில்லை; தொடர் நீண்டது. வாடகைக் குரல் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை என்பது இங்கே முக்கியம்.

குரல் பற்றித் தமிழ்நாட்டுக்கும் ஒரு பாடம் தெரியும். லலிதா ஜுவல்லரியின் விளம்பரங்களில் உரிமையாளர் கிரண் குமார் தாமே வந்து பேசினார். மற்ற கடைகளில் விலையை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வாங்கும்படி சொன்னார். அறிவிப்பாளரின் செதுக்கிய தமிழ் அதில் இல்லை. கல்லாவில் உட்கார்ந்தபடி பேசும் முதலாளியின் தமிழ் இருந்தது. அதனாலேயே மிமிக்ரி கலைஞர்கள் முதல் பள்ளிப் பிள்ளைகள் வரை அதைப் பேசிக்காட்டினார்கள். உரிமையாளரின் குரல் தெரிந்த கடைக்கும் தெரியாத கடைக்கும், முகம் பார்த்துப் பழகியவருக்கும் விசிட்டிங் கார்டு மட்டும் கொடுத்தவருக்கும் உள்ள அளவு வித்தியாசம் இருக்கிறது.

இனி இந்த வட்டாரம். மணவாள நகர் திருவள்ளூர் ரயில் நிலையத்தை ஒட்டி ஸ்ரீபெரும்புதூர் சாலையில் இருக்கிறது. ஒரு பக்கம் காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டை. மறுபக்கம் மேல்நல்லாத்தூரில், ஹிந்துஸ்தான் மோட்டார்ஸிடமிருந்து கேட்டர்பில்லர் வாங்கி நடத்தும் மண்வேலை இயந்திர ஆலை. சாலை போய்ச் சேரும் இடம் ஸ்ரீபெரும்புதூர் கார்த் தொழிற்சாலைகள். மாவட்டத்தின் வடகோடியில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டும் அதன் இரும்பு ஆலைகளும். பெரிய ஆலை ஒன்று இருந்தால் அதைச் சுற்றி லேத் பட்டறை, ஃபேப்ரிகேஷன் கடை, பவுடர் கோட்டிங், பேக்கிங் பெட்டி, கேன்டீன் கான்ட்ராக்ட், யூனிஃபார்ம் தையல் என்று சிறுதொழில்கள் முளைக்கும். அவற்றில் வேலை செய்பவர்களுக்காக மனை, வீடு, ஹார்டுவேர் கடை, மெஸ், மருந்துக்கடை என்று இன்னொரு வரிசை.

முதல் வரிசைக்கும் இரண்டாம் வரிசைக்கும் பாட்காஸ்ட்டின் பயன் ஒன்றல்ல. லேத் பட்டறையின் வாடிக்கையாளர்கள் மொத்தமே பத்துப் பன்னிரண்டு கம்பெனிகள் இருக்கலாம். அந்தக் கம்பெனிகளில் ஆர்டர் யாருக்கு என்று முடிவு செய்பவர்கள் பர்ச்சேஸ், குவாலிட்டி, புரொடக்‌ஷன் பிரிவுகளில் பிரிவுக்கு இரண்டு பேர். இப்படிச் சென்னைச் சுற்றுவட்டாரம் முழுவதும் கூட்டினாலும் அந்தப் பட்டறைக்குத் தேவையான காதுகள் சில நூறைத் தாண்டாது. யூடியூபில் லட்சக்கணக்கில் பார்வை வாங்கும் ஆட்களோடு ஒப்பிட்டுச் சோர்ந்துபோவது இங்கே அர்த்தமற்றது. சரியான நூற்றைம்பது பேர் கேட்டால் பட்டறைக்கு அது நிறைந்த சபை.

அந்த நூற்றைம்பது பேர் எப்போது கேட்பார்கள்? கண்ணும் கையும் வேலையாக இருந்து, அல்லது அலுத்துக் கிடந்து, காது மட்டும் சும்மா இருக்கும் நேரம் இந்த வட்டாரத்தில் தாராளமாக உண்டு. திருவள்ளூரிலிருந்து சென்னை போகும் மின்சார ரயில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் எடுக்கும். நின்றுகொண்டு போகிறவர் செய்தித்தாள் விரிக்க முடியாது. காதில் ஹெட்போன் மாட்டிக்கொள்ள முடியும். கம்பெனி பஸ்ஸில் விடிகாலை ஷிஃப்டுக்குப் போகிறவர் பாதி தூக்கத்தில் கேட்பார். இரவு ஷிஃப்ட் முடிந்து பைக்கில் வருகிறவர் கேட்கக் கூடாது. அதையும் சொல்லிவிட வேண்டும். வீடியோ கண்ணைக் கேட்கிறது. ஒலிக்கு அந்த வாடகை இல்லை. படிக்க ஐந்து நிமிடம் ஒதுக்காத மேனேஜர் இருபது நிமிடம் கேட்பதற்குக் காரணம் இது.

எனவே ஒரு பகுதியின் நீளத்தை ரயில்தான் தீர்மானிக்க வேண்டும். திருவள்ளூரில் ஏறியவருக்கு ஆவடி வருவதற்குள் பேச்சு முடிந்துவிடுவது நல்லது. பதினைந்து முதல் இருபது நிமிடம். ஒரு மணி நேரப் பேட்டிகள் பிரபலங்களுக்குப் பொருந்தும்; போரிங் பார் என்ற லேத் கருவி பற்றி ஒரு மணி நேரம் பேசினால் அதைச் செய்கிறவரே கேட்க மாட்டார்.

எதைப் பேசுவது என்பதுதான் பெரும்பாலோர் தடுமாறும் இடம். கம்பெனி வரலாறு, முதலாளியின் இளமைக் கஷ்டம், வாங்கிய விருது ஆகிய மூன்றும் முதலில் மனதுக்கு வரும். மூன்றையும் தள்ளிவைக்கலாம். வாடிக்கையாளர் போனில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளே நல்ல பகுதிகளாகும். ஒரு லேத் பட்டறைக்கு என்ன கேள்விகள் வரும்? ட்ராயிங்கில் அளவுக்குப் பக்கத்தில் கூட்டல் கழித்தல் 0.05 மில்லிமீட்டர் என்று போட்டிருக்கிறது. அந்த இடத்தில் 0.2 போதும் என்றால் விலை ஏன் இறங்குகிறது? டாலரன்ஸ் எனும் இந்த விலகல் வரம்பு இறுகினால் மெதுவாக ஓட்ட வேண்டும், கூடுதல் முறை அளக்க வேண்டும், சில சமயம் கிரைண்டிங்குக்கு அனுப்ப வேண்டும். தேவையில்லாத இடத்தில் இறுக்கமான அளவு போட்டு விலையை ஏற்றிக்கொள்வது டிசைனர்களின் பழைய வழக்கம். இதை நிதானமாக விளக்கும் பத்து நிமிடம் ஒரு பர்ச்சேஸ் அதிகாரிக்கு நேரடியாகக் காசு.

இன்னொன்று. எம்எஸ் ஷாஃப்டை ஹார்டனிங் செய்து கொடுங்கள் என்று ஆர்டர் வரும். எம்எஸ் எனும் மைல்டு ஸ்டீலில் கார்பன் குறைவு. சூடாக்கி எண்ணெயில் முக்கினாலும் அது கடினமாகாது. இஎன்8 ஸ்டீலில் கார்பன் ஏறத்தாழ 0.4 சதவீதம், அது கடினமாகும். தெரியாமல் ஆர்டர் போட்டு, ரிஜெக்ட் ஆகி, இரு தரப்பும் சண்டை போட்டுக்கொள்வதற்குப் பதில், இதை முன்கூட்டியே சொல்லிவைத்த பட்டறை எது என்று அந்த எஞ்சினியர் நினைவில் வைத்திருப்பார். அடுத்த ஆர்டருக்கு விலை கேட்கும்போது அந்த நினைவு வேலை செய்யும். பிராண்டு என்பதன் நடைமுறைப் பொருள் இவ்வளவுதான்: மூன்று கொட்டேஷன் ஒரே விலையில் மேஜையில் கிடக்கும்போது கை எதன் பக்கம் முதலில் போகிறது என்பது.

கடைத்தெருத் தொழிலுக்கும் இதே முறை. ஹார்டுவேர் கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வாழ்க்கையில் ஒரே முறை வீடு கட்டுகிறவர்கள். சிமென்ட் மூட்டையின் மேல் ஓபிசி, பிபிசி என்று போட்டிருப்பதன் வேறுபாடு அவர்களுக்குத் தெரியாது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456, ஓபிசி எனும் சாதாரண சிமென்ட்டானால் குறைந்தது 7 நாள் க்யூரிங் (தண்ணீர் விட்டு ஈரமாக வைப்பது), ஃப்ளை ஆஷ் போன்றவை கலந்த பிபிசி போன்ற சிமென்ட்டானால் குறைந்தது 10 நாள் என்கிறது. இப்போது பெரும்பாலான வீடுகளுக்கு இறங்குவது கலந்த சிமென்ட். மேஸ்திரி ஐந்தாம் நாளே தண்ணீரை நிறுத்திவிடுவார். கடைக்காரர் தம் பாட்காஸ்ட்டில் இந்த ஒரு விஷயத்தை மட்டும் சொன்னாலும், அது ஒரு வீட்டின் கான்கிரீட்டைக் காப்பாற்றும். அந்த வீட்டுக்காரர் பெயின்ட் வாங்க வேறு கடைக்குப் போவாரா என்பது யோசிக்க வேண்டியது.

எல்லாத் தொழிலுக்கும் பாட்காஸ்ட் தேவை என்று சொல்வது தவறு. தெருவுக்குத் தெரு மாவு விற்கிறவருக்குத் தேவையில்லை. வாட்ஸ்அப்பில் முப்பது விநாடிக் குரல் செய்தி போதும். இரண்டே கம்பெனிக்கு நீண்டகால ஒப்பந்தத்தில் வேலை செய்கிறவருக்கும் அவசரமில்லை. வாங்குமுன் யோசிக்க வைக்கும் சரக்கு, தப்பாகத் தேர்ந்தெடுத்தால் நஷ்டம் தரும் சேவை, கேள்வி கேட்டுக் கேட்டு முடிவெடுக்க வேண்டிய வேலை ஆகியவற்றுக்கே இது பலன் தரும்.

மொழி பேச்சுத் தமிழாக இருக்க வேண்டும். பட்டறைக்காரர் பட்டறைச் சொற்களிலேயே பேச வேண்டும். லேத்தைக் கடைசல் இயந்திரம் என்றும், ஜாப்பைப் பணிப்பொருள் என்றும் மாற்றிச் சொன்னால் பாடப்புத்தகம் வாசிப்பதுபோல் ஆகிவிடும். எழுதிவைத்துப் படிப்பதும் ஆகாது. நாலு வரிக் குறிப்பு வைத்துக்கொண்டு எதிரில் ஒருவரை உட்காரவைத்துப் பேசுவதே இயல்பாக வரும். அந்த ஒருவர் இருபது ஆண்டு அனுபவமுள்ள டர்னராக இருக்கலாம், கணக்குப் பார்க்கும் வீட்டம்மாவாக இருக்கலாம். உண்மையில் ஜிஎஸ்டி, பேமென்ட் தாமதம், பில் திரும்பிவரும் காரணங்கள் ஆகியவற்றைப் பற்றி முதலாளியைவிடத் தெளிவாகப் பேசக்கூடியவர் பெரும்பாலும் அந்த அம்மாதான்.

கும்மிடிப்பூண்டிப் பக்கத் தொழில்களுக்கு இன்னொரு மொழிக் கணக்கும் உண்டு. அங்கே வேலையாட்களில் கணிசமானோர் ஒடிசா, பீகார் போன்ற மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். வாடிக்கையாளருக்காகத் தமிழில் நடத்தும் தொடரோடு, பாதுகாப்பு, தங்குமிடம், சம்பள விவரம் பற்றி இந்தியில் சில பகுதிகள் சேர்த்தால் ஆள் தேடும் வேலை எளிதாகும். நல்ல வேலையாள் கிடைக்கும் இடம் என்ற பெயரும் பிராண்டின் ஒரு பகுதியே.

பதிவு செய்வதில் பெரிய எதிரி எதிரொலி, அதற்கடுத்து இரைச்சல். வெறும் சுவரும் டைல்ஸ் தரையும் கொண்ட அறையில் எவ்வளவு விலை உயர்ந்த மைக்கும் கிணற்றுக்குள் பேசுவதுபோல் ஒலிக்கும். துணி அடுக்கிய பீரோவைத் திறந்துவைத்து, மெத்தையும் போர்வையும் உள்ள படுக்கையறையில் பேசினால் பாதிப் பிரச்சினை தீரும். மைக்கில் டைனமிக் வகை நம் ஊர்ச் சந்தடிக்கு ஏற்றது. கண்டென்சர் வகை எதிர்வீட்டு மிக்ஸியையும் வாங்கிக்கொள்ளும். வாய்க்கும் மைக்குக்கும் நாலைந்து விரல்கடை இடைவெளி. அந்தத் தூரம் இரட்டித்தால் குரல் 6 டெசிபல் இறங்கும். அறையின் ஓசை மேலே வந்துவிடும். வெட்டி ஒட்டுவதற்கு 2000 முதல் இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி மென்பொருள் போதும். ஒற்றைத் தடத்தில் 64 கேபிபிஎஸ் எம்பி3யாக மாற்றினால் இருபது நிமிடப் பேச்சு 10 எம்பிக்குள் அடங்கும். சிக்னல் விட்டுவிட்டு வரும் ரயில் பயணத்தில் இது சின்ன விஷயமல்ல.

தொடக்கத்தில் ஒரு அடையாள ஓசை வைப்பது வழக்கம். இதற்குச் சினிமாப் பாட்டைத் தொடக் கூடாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை வெளியான பிறகு 60 ஆண்டு. பழைய பாட்டுதானே என்று நினைத்தாலும் வரிகளுக்குத் தனி உரிமை, பாடலாசிரியர் மறைந்து 60 ஆண்டு வரை. கண்ணதாசன் 1981இல் மறைந்தார். அவர் வரிகளின் உரிமை 2041 முடியும் வரை இருக்கும். பட்டறைக்குச் சொந்த ஓசை ஏற்கெனவே இருக்கிறது. லேத் சக் சுற்றி நிற்கும் சத்தம், தையல் மிஷின், தோசைக்கல்லில் தண்ணீர் தெளிக்கும் சீற்றம் என மூன்று விநாடிப் பதிவு எந்த வாடகை இசையையும்விட நன்றாக அடையாளம் சொல்லும், ராயல்டியும் கிடையாது.

தொடரின் பெயரைத் தேர்ந்தெடுக்கும்போது வர்த்தகச் சின்னப் பதிவேட்டில் தேடிப் பார்ப்பது அவசியம். பெயரைப் பதிவு செய்வதானால், தனிநபருக்கும் சிறுநிறுவனத்துக்கும் இணையவழி விண்ணப்பக் கட்டணம் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். சென்னை அலுவலகம் கிண்டியில் இருக்கிறது. பாட்காஸ்ட் போன்ற நிகழ்ச்சிகள் 41ஆம் வகுப்பில் வரும். தொழிலின் சரக்குக்கு வேறு வகுப்பு.

பேச்சில் வாய் தவறக் கூடாத இடங்கள் சில உண்டு. ஆட்டோ பாகங்கள் செய்கிறவருக்கு ட்ராயிங் கஸ்டமருடையது. எந்தக் கம்பெனிக்கு எந்தப் பாகம், மாதம் எத்தனை என்பதைப் பெருமைக்காகச் சொன்னால் ஒப்பந்தம் போய்விடும். உதாரணம் சொல்லும்போது பெயரில்லாமல், அளவை மாற்றிச் சொல்வதே முறை. மூலிகை, எண்ணெய், லேகியம் விற்கிறவர்களுக்கு 1954ஆம் ஆண்டு மருந்து மற்றும் மாய சிகிச்சைகள் சட்டம் இருக்கிறது. நீரிழிவு உள்ளிட்ட நோய்களைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வது குற்றம். பாட்காஸ்ட் விளம்பரமாகுமா என்று கேட்கத் தேவையில்லை. அந்தச் சட்டம் விளம்பரம் என்பதற்குத் தரும் விளக்கத்தில் வாயால் சொல்வது, ஒளி, ஒலி, ஏன் புகையால் காட்டுவதுகூட அடங்கும். 1954இல் உட்கார்ந்து எழுதியவர்கள் எதையும் விடவில்லை. மற்ற சரக்குகளுக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், தவறாக வழிநடத்தும் விளம்பரங்கள் பற்றிய 2022 வழிகாட்டு நெறிகளும் பொருந்தும்.

வெளியிடும்போது ஒரு எச்சரிக்கை. செயலிகள் வரும், போகும். கூகுள் பாட்காஸ்ட்ஸ் 2024இல் மூடப்பட்டது. ஆங்கர் என்ற இலவசத் தளத்தை 2019இல் ஸ்பாட்டிஃபை வாங்கியது. பெயர் அதன் பிறகு இருமுறை மாறிவிட்டது. ஒலிக்கோப்புகளின் அசல் எப்போதும் சொந்தக் கணினியில் இருக்க வேண்டும். ஆர்எஸ்எஸ் பட்டியலை வேறிடத்துக்கு மாற்ற அனுமதிக்கும் சேவையையே தேர்ந்தெடுக்க வேண்டும். வாடகைக் கடையில் சொந்தப் பூட்டுப் போடுவதுபோல.

கேட்பவரிடம் கொண்டுசேர்ப்பது தனி வேலை. செயலியில் போட்டுவிட்டால் ஆட்கள் தேடி வருவார்கள் என்று நம்புவது வீண். தமிழ்நாட்டுச் சிறுதொழிலின் பழம்பெரும் விளம்பரச் சாதனங்கள் தினசரி காலண்டரும் துணிப்பையும். அவற்றில் கடைப் பெயருக்குக் கீழே ஒரு கியூஆர் குறி சேர்த்தால் பாட்காஸ்ட்டுக்கு வாசல் திறந்துவிடும். டெலிவரி சலானிலும் இன்வாய்ஸிலும் அதே குறி. கார் பாகங்கள் செய்கிறவர்கள் இதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. கியூஆர் குறியை 1994இல் ஜப்பானின் டென்சோ நிறுவனம் கண்டுபிடித்ததே தொழிற்சாலையில் கார் பாகங்களைக் கண்காணிக்கத்தான். அது இப்போது சொந்த வீட்டுக்குத் திரும்புகிறது. ஒவ்வொரு பகுதியிலிருந்தும் ஒரு நிமிடத் துண்டை வெட்டி வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளருக்கு அனுப்பலாம். கொட்டேஷன் அனுப்பும் மின்னஞ்சலின் அடியில் அந்த வேலைக்குப் பொருந்தும் பகுதியின் இணைப்பை வைப்பது எல்லாவற்றையும்விடப் பலன் தருவது.

எண்ணிக்கை விஷயத்தில் ஏமாறாமல் இருக்க வேண்டும். சர்வர் காட்டும் டவுன்லோட் என்பது கேட்டதற்குச் சாட்சியல்ல. விளம்பரத் துறையின் ஐஏபி விதிப்படி ஒரு நிமிட ஒலி இறங்கினாலே அது ஒரு டவுன்லோட். 2023இல் ஆப்பிள் தன் ஐஓஎஸ் 17இல் தானாக இறக்கிக்கொள்ளும் முறையைச் சற்று மாற்றியதும் உலகம் முழுவதும் பல பெரிய தொடர்களின் எண்ணிக்கை சரிந்தது. கேட்பவர்கள் யாரும் எழுந்து போகவில்லை. சிறுதொழிலுக்கு நம்பகமான அளவுகோல் கடையின் விசாரணை நோட்டு. அதில் ‘எப்படித் தெரியும்?’ என்று ஒரு பத்தி கூடுதலாகப் போட்டு, வருகிறவரிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். ஓராண்டில் அந்தப் பத்தியில் பத்து இடத்தில் பாட்காஸ்ட் என்று இருந்து, அதில் இரண்டு ஆர்டராக மாறியிருந்தால் செலவு தேறிவிட்டது.

செலவில் பணம் சிறியது, நேரம் பெரியது. இருபது நிமிடப் பகுதிக்கு யோசிக்க, பேச, வெட்ட, போட என்று ஒரு முழு நாள் போகும். மார்ச் மாதக் கணக்கு முடிக்கும் நெருக்கடியில் அந்த நாள் கிடைக்காது. வாரா வாரம் என்று அறிவித்துவிட்டு நாலாவது வாரம் காணாமல்போன தொடர்கள் ஏராளம். பூட்டிய கடைப் பலகைபோல அவை இணையத்தில் தொங்கிக்கொண்டிருக்கின்றன. எட்டுப் பகுதிகள் என்று முன்கூட்டியே சொல்லி, எட்டையும் பதிவு செய்துவைத்துக்கொண்டு தொடங்கி, எட்டோடு முடிப்பது கௌரவமானது. விஷயம் பழசாகாத வரை அந்த எட்டும் ஆண்டுக்கணக்கில் வேலை செய்யும். கொட்டேஷனோடு போய்க்கொண்டே இருக்கும்.

பட்டறையின் உள்ளேயே பதிவு செய்ய விரும்புகிறவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு: மிஷின் நிற்காது, பக்கத்துப் பட்டறை மிஷினும் நிற்காது. தொழிற்பேட்டை முழுவதும் ஓய்ந்திருக்கும் நாள் ஆண்டில் ஒன்று வருகிறது. ஆயுத பூஜையன்று லேத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பூசணி உடைத்து, பொரி கொடுத்து முடித்த பிறகு, மறுநாள் வரை யாரும் சுவிட்சைத் தொடுவதில்லை. அன்று பிற்பகல் மூன்று மணிக்கு மைக்கை வைக்கலாம்.